'மஸ்ட் ஹேவ்'னு ஒரு மெயில் எழுதினேன்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டு, திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

இந்த எபிசோட பெங்களூர் ரூம்ல உக்காந்து ரெக்கார்ட் பண்ணல. ஊருக்கு வந்திருக்கேன். இண்டூர். தர்மபுரியில இருந்து பென்னாகரம் போற ரோட்டுல வரும். பின்னாடி பஸ் ஹாரன், கோழிச் சத்தம் எல்லாம் கேக்கும். மைக்க போர்வைக்குள்ள வச்சுப் பாத்தேன், அப்பவும் கேக்குது. பொறுத்துக்கங்க.

இன்னிக்கு வேற ஒரு டாபிக் பேசறதாத்தான் இருந்தேன். நேத்து சாயங்காலம் எங்க சித்தி பொண்ணு வந்தா. இன்ஜினியரிங் பைனல் இயர். அடுத்த வாரம் கேம்பஸ் இன்டர்வியூ. திண்ணையில உக்காந்து வேர்க்கடலை உரிச்சுட்டே கேட்டா. "அண்ணா, 'குட்'ங்கறது 'கேன்'னோட பாஸ்ட் டென்ஸ்தான?" ஆமான்னேன். "அப்ப 'குட் யூ ஓப்பன் தி டோர்'னு கேட்டா, நேத்து உன்னால கதவத் திறக்க முடிஞ்சுதானு அர்த்தமா?"

எனக்கு பதில் வரல. ஏழு வருஷமா தினமும் இங்கிலீஷ்ல மெயில் போட்டுட்டு இருக்கற ஆளு நான். கடலைய உரிச்சு வாயில போட்டுட்டு, "யோசிச்சு சொல்றேன்"னு எந்திரிச்சு போயிட்டேன். ராத்திரி யோசிச்சதுதான் இந்த எபிசோட்.

(எழுத்துல படிக்கறவங்களுக்கு ஒரு குறிப்பு: இங்க 'குட்'னு வர்றது எல்லாம் 'கேன்'னோட தம்பி. 'குட் மார்னிங்' குட் இல்ல.)

முதல்ல என் மானம் போன கதையச் சொல்லிடறேன். மூணு வருஷம் முன்னாடி நடந்தது. கம்பெனி பேரெல்லாம் வேண்டாம். நைட் சப்போர்ட்ல இருந்தேன். ஒரு சர்வர்ல டிஸ்க் ஃபுல் ஆயிடுச்சு. ஏன்னு பாத்தா, பழைய பேக்கப் ஃபைல்களை தானா அழிக்கிற க்ளீனப் ஜாப் ஒண்ணு இருக்கு, அது ஓடவே இல்ல. பழசெல்லாம் அப்படியே குமிஞ்சு கெடக்கு. சரி, அடுத்த ஷிப்ட்டுல வர்ற வெளிநாட்டு டீமுக்குச் சொல்லிடலாம்னு ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு மெயில் தட்டினேன். 'தி க்ளீனப் ஜாப் மஸ்ட் ஹேவ் டெலீட்டட் தி பேக்கப்ஸ். ப்ளீஸ் செக்.' அனுப்பிட்டு நிம்மதியாத் தூங்கிட்டேன்.

நான் சொல்ல வந்தது என்ன? "க்ளீனப் ஜாப் பேக்கப்ப டெலீட் பண்ணியிருக்கணும். ஆனா பண்ணல. என்னனு பாருங்க." அவங்க படிச்சது என்ன? "க்ளீனப் ஜாப் பேக்கப்ப எல்லாம் டெலீட் பண்ணிடுச்சு போல. நிச்சயமா அதுதான் நடந்திருக்கு." காலையில எந்திரிச்சுப் பாத்தா போன்ல வரிசையா மிஸ்டு கால். அன்னிக்குப் போக வேண்டிய ரிலீஸ நிறுத்திட்டாங்க. நாலு பேர் உக்காந்து எந்த பேக்கப் இருக்கு, எது போச்சுன்னு ஒவ்வொண்ணா ஒப்பிட்டுப் பாத்திருக்காங்க. எல்லாமே இருக்கு. இருக்கறதுதான பிரச்சினையே!

கால்ல மேனேஜர் கேட்டார், "டெலீட் ஆச்சா, இல்லையா?" "இல்ல சார், அதத்தான் சார் மெயில்ல எழுதியிருக்கேன்." அவர் என் மெயில சத்தமா எனக்கே படிச்சுக் காட்டினார். அப்பவும் எனக்குத் தப்பு எங்கன்னு தெரியல. தப்புப் பண்றது ஒரு அவமானம். அத மூஞ்சிக்கு நேரா படிச்சுக் காட்டியும் கண்ணுக்குத் தெரியலங்கறது இன்னொரு அவமானம்.

டீ குடிக்கும்போது டீம்ல ஒரு சீனியர் அக்காதான் புரிய வச்சாங்க. திருநெல்வேலிக்காரங்க. "நீ தமிழ்ல நெனச்சத தமிழ்லயே சொல்லு"ன்னாங்க. "டெலீட் பண்ணியிருக்கணும்"னேன். "இதயே, வீட்டுல வச்ச முறுக்கு காணோம், யார் எடுத்திருப்பாங்கனு யோசிக்கிற மாதிரி சொல்லிப் பாரு." "தம்பிதான் எடுத்திருக்கணும்." அங்கதான் விழுந்துச்சு. ஒரே 'இருக்கணும்'. ஒண்ணுல காரியம் நடக்கல. இன்னொண்ணுல கண்டிப்பா நடந்துடுச்சு. தமிழ்ல நாம குரல வச்சும் இடத்த வச்சும் பிரிச்சுக்கறோம். இங்கிலீஷ்ல அதுக்கு ரெண்டு தனித்தனி வார்த்தை வச்சிருக்கான். நடந்திருக்க வேண்டியது நடக்கலைன்னா 'ஷுட் ஹேவ்'. நடந்திருக்கும்னு அடிச்சுச் சொன்னா 'மஸ்ட் ஹேவ்'. பள்ளிக்கூடத்துல எனக்குச் சொல்லிக்குடுத்தது 'மஸ்ட்'னா கண்டிப்பா வேண்டும், 'ஷுட்'னா வேண்டும். அப்ப 'பண்ணியிருக்கணும்'கறத கொஞ்சம் அழுத்திச் சொல்ல 'மஸ்ட் ஹேவ்' போட்டேன். அழுத்தம் கூடல. அர்த்தம் தலைகீழாப் போச்சு.

அன்னிக்கு இருந்து நான் ஒண்ணு கவனிக்க ஆரம்பிச்சேன். இந்த மாதிரி துணைவினைகள் இங்கிலீஷ்ல முக்கியமா ஒன்பது. கேன், குட், மே, மைட், ஷால், ஷுட், வில், வுட், மஸ்ட். நம்மகிட்ட இந்த வேலையப் பெரும்பாலும் நாலஞ்சு பேர்தான் பாக்கறாங்க. 'வேணும்', 'லாம்', 'முடியும்', 'கூடாது', அப்புறம் சும்மா எதிர்காலம். இதுல 'லாம்' இருக்கு பாருங்க, அது ஒரு அதிசயமான ஆளு. "உள்ள வரலாம்"னா அனுமதி. "மழை வரலாம்"னா சந்தேகம். "வா, சினிமாவுக்குப் போலாம்"னா கூப்பிடறது. "நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்"னா கோவம். ஒரே 'லாம்'. நம்ம மண்டைக்குள்ள அது ஒரே பொருளாத்தான் இருக்கு. அத இங்கிலீஷ்ல கொண்டு போகும்போது எந்தக் கதவுல தட்டறதுன்னு தெரியாம நிக்கறோம்.

'வேணும்' இன்னும் மோசம். "எனக்கு டீ வேணும்"லயும் அதேதான், "நான் ஆபீஸ் போகணும்"லயும் அதேதான். அதனாலதான் நம்ம ஆளுங்க, நானும்தான், "நாளைக்கு நீ வர வேண்டாம்"ங்கறத "யூ டோன்ட் வான்ட் டு கம் டுமாரோ"ன்னு சொல்றோம். கேக்கற வெளியூர்க்காரன், "எனக்கு வர இஷ்டமில்லைன்னு இவன் எப்படிச் சொல்றான்?"னு முழிப்பான். அங்க வரவேண்டியது 'டோன்ட் நீட் டு', 'டோன்ட் ஹேவ் டு'. பயந்துபோய் 'மஸ்ட் நாட்'னு போட்டாலும் தப்பு. அது 'வரக்கூடாது'. தமிழ்ல 'வர வேண்டாம்', 'வரக்கூடாது' ரெண்டும் எவ்வளவு தூரம்னு நமக்கே தெரியும். கல்யாண வீட்டுல ஒருத்தர்கிட்ட மாத்திச் சொன்னா ஜென்மத்துக்கும் பேச மாட்டாங்க.

'கேன் ஏபிள் டு'வ பத்திப் பேசப் போறதில்ல. அது 'நடு சென்டர்' மாதிரி. ரெண்டுல ஒண்ண எடுத்துட்டா முடிஞ்சுது.

இதெல்லாம் பாத்துட்டு, ஒரு சின்ன துணைவினைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமானு நீங்க கேக்கலாம். ('கேக்கலாம்', பாத்துக்கங்க.) நம்ம தமிழ்நாட்டு அரசியல்லயே இப்படி ஒரு வார்த்தைய வச்சு பெரிய சண்டை நடந்திருக்கு. இந்திய அரசியல் சாசனம் 1950 ஜனவரி 26-ல அமலுக்கு வந்தப்ப, இந்தி ஆட்சி மொழி, ஆனா 15 வருஷத்துக்கு இங்கிலீஷும் தொடரும்னு வச்சாங்க. 15 வருஷம்னா 1965 ஜனவரி 26. அதுக்கப்புறம் இங்கிலீஷ் என்ன ஆகும்? இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பற வரைக்கும் இங்கிலீஷ் இருக்கும்னு 1959-ல நேரு நாடாளுமன்றத்துல வாக்குறுதி குடுத்தார். அதச் சட்டமாக்கறோம்னு 1963-ல ஆட்சி மொழிகள் மசோதா வந்துது. அதோட மூணாவது பிரிவுல, இந்தியோட சேத்து இங்கிலீஷும் தொடர்ந்து பயன்படுத்தப்பட்டு வரணும்கற இடத்துல, போட்ட வார்த்தை 'மே'.

அதாவது நம்ம 'லாம்'. "பயன்படுத்தப்படலாம்."

அப்ப அண்ணா மாநிலங்களவை உறுப்பினர். திமுக தரப்பு கேட்டது ரொம்ப நேரான கேள்வி. 'மே'ன்னா, 'மே நாட்'னும் ஆகலாமே? இருக்கலாம்னா, இல்லாமலும் போகலாமே? 'ஷால்'னு போடுங்க. நேரு சொன்ன பதில், இந்த இடத்துல 'மே', 'ஷால்' ரெண்டுக்கும் ஒரே அர்த்தம்தான். உடனே இவங்க, ரெண்டும் ஒண்ணுதான்னா 'ஷால்'னே போட்டுட வேண்டியதுதான? எனக்கு இதுல நேரு பக்கமும் கொஞ்சம் நியாயம் தெரியுது. சட்டத்துல 'மே'ன்னு எழுதியிருந்தாலும் சில சமயம் அத 'ஷால்'னு எடுத்துக்கணும்னு கோர்ட்டே சொன்னதுண்டு. அவர் பாரிஸ்டருக்குப் படிச்சவர், அந்தக் காதால கேக்கறார். ஆனா இன்னொரு பாஷைய கத்துக்கிட்டு வாழற ஆளுக்கு, எழுதியிருக்கற வார்த்தைதான் புடிமானம். சொன்னவர் நாளைக்கு இல்லாமப் போனா, அவர் மனசுல நெனச்ச அர்த்தமும் கூடவே போயிடும். வார்த்தை மாறாமயே சட்டம் நிறைவேறிச்சு. 1964 மே மாசம் நேரு காலமானார்.

1965 ஜனவரில நடந்தத நான் முழுசாச் சொல்லப் போறதில்ல, அதுக்கு ஒரு எபிசோட் பத்தாது. அது ஒரே ஒரு வார்த்தைக்காக நடந்த போராட்டமும் இல்ல. 1937-ல இருந்து வந்த கதை அது. மாணவர்கள் தெருவுக்கு வந்தாங்க, துப்பாக்கிச் சூடு, தீக்குளிப்புனு பல உயிர் போச்சு. பிப்ரவரில மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் ராஜினாமா குடுத்தாங்க. பிரதமர் சாஸ்திரி ரேடியோவுல பேசி, நேரு குடுத்த வாக்குறுதிய காப்பாத்துவோம்னார். (அந்த ஜனவரில எங்க ஊரு சேலம் மாவட்டம். தர்மபுரிய தனி மாவட்டமா பிரிச்சது அதே வருஷம் அக்டோபர் 2.)

என்னை மாதிரி ஆளுங்களுக்கு சுவாரசியமான இடம் அதுக்கப்புறம்தான் வருது. இந்திரா காந்தி பிரதமரா இருந்தப்ப, 1967 டிசம்பர்ல அந்தச் சட்டத்தத் திருத்தினாங்க. போய்ப் படிச்சுப் பாருங்க, பழைய 'மே' இன்னிக்கும் அங்கயேதான் இருக்கு. அதத் தூக்கல. அதுக்குக் கீழ 'ஆனால்'னு ஒரு வரியச் சேத்து, இந்திய ஆட்சி மொழியா ஏத்துக்காத மாநிலத்தோட மத்திய அரசு நடத்துற கடிதப் போக்குவரத்துக்கு இங்கிலீஷ் 'ஷால்' பி யூஸ்டுன்னு போட்டாங்க. அதோட, இந்திய ஏத்துக்காத எல்லா மாநில சட்டசபையும் தீர்மானம் போட்டு, அப்புறம் நாடாளுமன்றத்தோட ரெண்டு அவையும் தீர்மானம் போடற வரைக்கும் இது தொடரும்னு, அங்கயும் ஒரு 'ஷால்'. பழைய கோட்ல கை வைக்காம கீழ ஒரு பேட்ச் போட்டிருக்காங்க. ப்ரொடக்‌ஷன்ல ஓடற சிஸ்டத்துல நாங்களும் அப்படித்தான் பண்ணுவோம்.

நம்ம ஃபீல்டுக்கே வர்றேன். இன்டர்நெட் எப்படி ஓடணும்னு எழுதி வைக்கிற ஆவணங்களுக்கு ஆர்எஃப்சி-னு பேரு. வேற வேற நாட்டுக்காரன் படிச்சு கோட் எழுதுவான். அதுல 'ஷுட்'னு இருந்தா ஒருத்தன் கட்டாயம்னு எடுத்துக்குவான், இன்னொருத்தன் விருப்பம்னு எடுத்துக்குவான், ரெண்டு மெஷினும் பேசிக்காது. அதனால 1997 மார்ச்ல ஹார்வர்டுல இருந்த ஸ்காட் பிராட்னர்ங்கறவர் ஆர்எஃப்சி 2119-னு ஒண்ணு எழுதினார். மொத்தமே மூணு பக்கம். 'மஸ்ட்'னா மறுபேச்சே இல்ல. 'ஷுட்'னா, சரியான காரணம் இருந்தா விடலாம், ஆனா விட்டா என்ன ஆகும்னு முழுசா யோசிச்சிருக்கணும். 'மே'ன்னா உன் இஷ்டம். 20 வருஷம் கழிச்சு, 2017-ல இன்னொரு ஆர்எஃப்சி போட்டு, எல்லாமே பெரிய எழுத்துல இருந்தாத்தான் இந்த அர்த்தம், சின்ன எழுத்துல இருந்தா சாதாரண இங்கிலீஷ்னு சொல்ல வேண்டி வந்துது. நடுவுல 2013 ஏப்ரல் 1-ந் தேதி, முட்டாள்கள் தினத்துக்குன்னே ஒரு ஆர்எஃப்சி. அதுல 'மஸ்ட், ஆனா நீ செய்ய மாட்டேனு எங்களுக்குத் தெரியும்'கற மாதிரி ஒரு வகையே உண்டு. இங்கிலீஷ் தாய்மொழியா இருக்கறவனுக்கே இந்த வார்த்தைகளோட எடை சந்தேகமாத்தான் இருக்கு. எனக்கு அது பெரிய ஆறுதல்.

ஆபீஸ் இங்கிலீஷுக்கு எந்த ஆர்எஃப்சியும் கிடையாதுங்கறதுதான் கஷ்டம். கோட் ரிவ்யூல ஒருத்தர், 'யூ மைட் வான்ட் டு ஆட் எ டெஸ்ட் ஹியர்'னு எழுதினார். 'மைட்' இருக்கு, 'வான்ட்' இருக்கு. எனக்கு வான்ட் இல்ல, அதனால ஆட் பண்ணல. அது "டெஸ்ட் எழுதாம மெர்ஜ் பண்ணாதப்பா"ன்னு அர்த்தம்னு ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. ஆனா யோசிச்சா இதுவும் நம்ம ஊர்ல இருக்கறதுதான். மாமியார் வீட்டுல, "சாப்ட தட்ட கழுவி வச்சா நல்லாத்தான் இருக்கும்"னு சொன்னா, அது அபிப்பிராயமா?

இப்ப சித்தி பொண்ணு கேள்விக்கு வர்றேன். 'குட்' எப்படி கதவத் திறக்கச் சொல்லுது? இங்கிலீஷ்ல பாஸ்ட் டென்ஸ்னா நேத்து நடந்ததுன்னு மட்டும் நாம படிக்கறோம். ஒரு அடி பின்னாடி தள்ளி நிக்கறதுன்னு வச்சுக்கங்க. காலத்துல தள்ளி நின்னா, அது நேத்து. ஆள்கிட்ட இருந்து தள்ளி நின்னா, அது மரியாதை. நிஜத்துல இருந்து தள்ளி நின்னா, அது கற்பனை. 'கேன் யூ'ன்னா பக்கத்துல நின்னு கேக்கறது. 'குட் யூ'ன்னா வாசப்படிக்கு வெளிய நின்னு கேக்கறது. தமிழ்ல இது இல்லையா என்ன? கடன் கேக்கப் போறவர் "ஒரு விஷயம் கேக்கலாம்னு வந்தேன்"னுதான ஆரம்பிப்பார்? இன்னும் கேக்கவே இல்ல, முன்னாடிதான் நிக்கறார், ஆனா 'வந்தேன்'. அந்த 'வந்தேன்'ல பாதி கூச்சம்.

ஒரு எச்சரிக்கை. இத மரியாதைன்னு புரிஞ்சுக்கிட்டு எல்லாத்துலயும் 'வுட்' போடற வியாதி நம்ம ஆபீஸ்கள்ல இருக்கு. 'ஐ வுட் பி ஆன் லீவ் டுமாரோ.' படிக்கறவன் காத்திருப்பான். எது நடந்தா லீவ்? லீவ் போட்டாச்சுன்னா 'வில்'.

அந்த மூணாவது, நிஜத்துல இருந்து தள்ளி நிக்கறது, அங்கதான் நான் என் முதல் இன்டர்வியூவ கோட்டை விட்டேன். காலேஜ் பைனல் இயர். எதிர்ல ரெண்டு பேர். ப்ராஜெக்ட் பத்தி நல்லா போயிட்டு இருந்துது. ஒருத்தர் கேட்டார், 'இஃப் யுவர் பில்ட் ஃபெயில்ட் ஆன் தி ரிலீஸ் டே, வாட் வுட் யூ டூ?' என் காதுல விழுந்தது 'ஃபெயில்ட்'. எனக்கு ரோஷம் வந்துடுச்சு. "நோ சார், அவர் பில்ட் டிட் நாட் ஃபெயில்." அவர் சிரிச்சுட்டு, இன்னொரு தடவ மெதுவா அதே வாக்கியத்தச் சொன்னார். நானும் இன்னும் உறுதியா, "நெவர் சார்."

வேலை கிடைக்கல. இதனாலதான் கிடைக்கலனு என்னால சொல்ல முடியாது, அல்காரிதம் ரவுண்டும் சுமார்தான். ஆனா ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் உறைச்சுது, அந்தக் கேள்வியத் தமிழ்ல கேட்டா எப்படி வரும்னு. "ரிலீஸ் அன்னிக்கு பில்ட் ஃபெயில் ஆனா என்ன பண்ணுவ?" அந்த 'ஆனா'வப் பிரிச்சுப் பாருங்க. ஆன், கூட ஆல். "ஆனேன், ஆனான்"ல வர்ற அதே இறந்தகாலம்தான். வந்தேன், வந்தால். போனேன், போனால். சாப்பிட்டேன், சாப்பிட்டால். "நாளைக்கு மழை பெஞ்சா மேட்ச் இல்ல"ன்னு சொல்றோமே, நாளைக்கு வர்ற மழைக்கு 'பெஞ்ச'ங்கற இறந்தகாலத்தத்தான் வச்சிருக்கோம். ரெண்டு வயசுக் குழந்தை சொல்லுது இத. இங்கிலீஷ்காரன் 'இஃப்'க்கு அப்புறம் பாஸ்ட் டென்ஸ் போட்டா மட்டும், இது என்னடா புதுசான்னு நாம பயப்படறோம்.

ஒரு வித்தியாசம் இருக்கு, அத மறைக்கல. நம்ம 'ஆல்' எல்லா இஃப்-க்கும் ஒண்ணுதான். பஸ் வந்தா ஏறுவேன், லாட்டரி விழுந்தா வீடு கட்டுவேன். பஸ் வரும், லாட்டரி விழாது. (தமிழ்நாட்டுல லாட்டரிய 2003-லயே தடை பண்ணிட்டாங்க, அதனால சுத்தமா விழாது.) தமிழ்ல அந்த நம்பிக்கை இருக்கா இல்லையாங்கறது குரல்ல இருக்கு, இல்ல 'ஒருவேளை', 'மட்டும்'னு ஒரு வார்த்தையில இருக்கு. இங்கிலீஷ்ல அத வினைச்சொல்லுக்குள்ளயே வச்சுட்டான். 'இஃப் தி பஸ் கம்ஸ், ஐ வில்.' 'இஃப் ஐ வொன் தி லாட்டரி, ஐ வுட்.' நாங்க எழுதற கோட்ல இஃப்-க்கு நம்பிக்கையே கிடையாது. உள்ள போடற கண்டிஷன் ட்ரூவா ஃபால்ஸானு ஓடும்போது பாத்துக்கும். இங்கிலீஷ் இஃப் அப்படியில்ல. சொல்றவர் அது ஃபால்ஸ்னு நெனைக்கிறார்ங்கறத முன்கூட்டியே வெளிய விட்டுடும். அந்த இன்டர்வியூக்காரர் 'ஃபெயில்ட்', 'வுட்'னு கேட்டதே, "உன் பில்ட் ஃபெயில் ஆகாதுப்பா, சும்மா வச்சுக்குவோம்"னு எனக்குக் குடுத்த மரியாதை. அதுக்குத்தான் நான் ரோஷப்பட்டேன்.

இன்னும் ஒரு படி பின்னாடி போனா, நடந்து முடிஞ்சுபோனத மாத்திக் கற்பனை பண்றது. 'இஃப் ஐ ஹேட்', 'ஐ வுட் ஹேவ்'. புக்குல இத மூணாம் வகைன்னு போட்டு, கடைசிப் பாடமா, பரீட்சைக்கு முன்னாடி அவசர அவசரமா நடத்துவாங்க. ரொம்பக் கஷ்டமானதுன்னு பேரு. ராத்திரி இத யோசிச்சுட்டு இருக்கும்போதுதான், எங்க வீட்டுல தினமும் கேக்கற வாக்கியமே இதுதான்னு தோணிச்சு.

எங்கப்பா பத்தாவதுல இங்கிலீஷ்ல ஃபெயில். மத்ததெல்லாம் பாஸ். திரும்ப எழுதல. பெங்களூர்ல கட்டட வேலைக்குப் போயிட்டார். நான் இன்னிக்கு ஏசில உக்காந்து கோட் எழுதற அதே ஊர். சின்ன வயசுல இருந்து அவருக்கு கவர்மென்ட் பஸ்ல கண்டக்டர் ஆகணும்னு. அதுக்குப் பத்தாவது பாஸ் வேணும். இன்னிக்கும் வீட்டு முன்னாடி கவர்மென்ட் பஸ் போனா, நேரத்தப் பாத்து, ரெண்டு நிமிஷம் லேட்டுன்னு சொல்லிட்டு, அப்புறம் அவரா சொல்லிக்குவார். "இங்கிலீஷ்ல மட்டும் பாஸாகியிருந்தா கண்டக்டர் ஆயிருப்பேன்."

எத்தனை வருஷமா கேக்கறேன். நேத்து ராத்திரிதான் அத ஒரு வாக்கியமாப் பிரிச்சுப் பாத்தேன். ஆகியிருந்தா: ஹேட் பாஸ்ட். ஆயிருப்பேன்: வுட் ஹேவ் பிகம். 'மட்டும்'ல அந்த ஏக்கம். எந்த இங்கிலீஷ் அவரைப் பத்தாவதுல நிறுத்திச்சோ, அதுல கடைசிப் பாடமா வர்றத அவர் தினமும் வாசல்ல உக்காந்து ஒரு பிசகில்லாம சொல்லிட்டு இருந்திருக்கார். வார்த்தை மட்டும்தான் தமிழ்.

காலையில சித்தி பொண்ணு வந்தா. நான் இந்தக் கதையெல்லாம் சொல்லல. பலகையில உக்கார வச்சு, அந்தப் பழைய கேள்வியக் கேட்டேன். 'இஃப் யுவர் பில்ட் ஃபெயில்ட் ஆன் தி ரிலீஸ் டே, வாட் வுட் யூ டூ?' கொஞ்ச நேரம் மேல பாத்தா. உதடு அசையுது, தமிழ்ல ஒரு தடவ சொல்லிப் பாக்கறா. அப்புறம், "ஐ வுட் ரோல் பேக் டு தி லாஸ்ட் குட் வெர்ஷன்"னா. சரி, அடுத்து என்ன பண்ணுவன்னேன். "தென் ஐ வுட் இன்ஃபார்ம் மை மேனேஜர். ஐ வில் நாட் சென்ட் எ மெயில் லைக் யூ, அண்ணா." அங்க 'வில்' வரக்கூடாது, 'வுட்'தான் வரணும்னு சொல்ல வாயத் திறந்தேன். "இல்ல அண்ணா, அது நிஜம், கற்பனை இல்ல. நான் அனுப்ப மாட்டேன்"னுட்டா.

உள்ள அப்பா டிவி சத்தத்தக் குறைச்சுட்டு என்னடா சிரிப்புன்னு கேட்டார். அதுக்குள்ள பென்னாகரம் பஸ் ஒண்ணு ஹாரன் அடிச்சுட்டுப் போச்சு. நீங்களும் கேட்டிருப்பீங்க, ஆரம்பத்துல ஒரு சத்தம் வந்துதே, அந்த பஸ்தான், திரும்பி வருது. அவர் கடிகாரத்தப் பாக்கறார். நான் ரெக்கார்டிங்க இங்க நிறுத்திக்கறேன். அடுத்த எபிசோட் ரெண்டு வாரத்துல வரும். 'மைட்' இல்ல, 'வில்'. நீங்க இங்கிலீஷ்ல இப்படி மாட்டின கதை இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. தமிழ்ல அனுப்பினாலே போதும்.